காட்டுக் குளியலுக்கு ஒரு துண்டு

சேலையூரில் ஒரே வீட்டில் என் ஓரகத்தி மாடியில், நான் கீழே. கொழுந்தனாரின் மனைவியான அவள் டீச்சர். நான் ஒன்பதாவதோடு நின்றவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அவள் படிப்பைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. ஸ்கூட்டியைப் பார்த்துக் கொஞ்சம். ஆனால் அவள் தூக்கத்தை நினைத்தால்தான் வயிறு எரியும்.

எனக்குத் தூக்கம் வராது. கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா, பொத்தேரி ஹாஸ்டலில் மகன் சாப்பிட்டானா என்று ஒன்று போனால் ஒன்று வரும். மாத்திரை போடவும் பயம், பழகிவிட்டால்? அவளோ சில மாதங்களாக ஞாயிறு காலையில் எங்கோ போய்விட்டு, துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி முகத்தோடு வருவாள்.

"படுத்தா போதும்க்கா, அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம்."

"அப்படி எங்கதான் போற?"

"காட்டுக் குளியல்க்கா. வண்டலூர் தாண்டி. ஒரு குரூப்பா போறோம்."

"என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள். அந்த ஒரு நொடியை நான் ஒரு வாரம் வைத்துக் குடைந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பையில் துண்டு, சோப்பு டப்பா, சீயக்காய், மாற்று நைட்டி எல்லாம் எடுத்து வைத்தேன். "ஊருக்கா போறோம்?" என்று சிரித்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

காட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒரு தொப்பிக்காரப் பெண் போனையெல்லாம் அணைக்கச் சொன்னாள். ஆளுக்கொரு மரத்தடியில் பேசாமல் உட்கார வேண்டுமாம். நான் கேட்டேன்: "குளிக்கறது எப்போம்மா?"

"ஆன்ட்டி, இங்க தண்ணியே கிடையாது. இந்தக் காத்து, இந்த வாசனை, இதுலதான் குளியல்."

யாரோ என் பையை எட்டிப் பார்த்தார்கள். "சோப்பு வேற கொண்டாந்திருக்காங்கப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். என் ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. யாரோ எவரோ என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பெயர் தெரியாத ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். மரத்தையா பார்த்தேன்? எதிரே நிமிர்ந்து, கண்மூடி உட்கார்ந்திருந்த அவளைத்தான் பார்த்தேன். எறும்பு ஏறியதால் துண்டை விரித்தேன். இடுப்பு வலித்தது. படுத்துக்கொண்டும் பார்க்கலாமே என்று படுத்தேன். அதுவரைதான் தெரியும்.

கண் விழித்தபோது பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள்.

"முக்கால் மணி நேரம் ஆன்ட்டி! நீங்க விட்ட குறட்டைல மயிலே ஓடிடுச்சு."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பேசவில்லை. மானம் போனதென்று கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பெருங்களத்தூர் வந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "எப்படிக்கா தூங்கினீங்க?"

"படுத்தேன், தூங்கிட்டேன். உனக்குத் தெரியாததா?"

"நான் அங்க ஒருநாள்கூடத் தூங்கினதில்ல. வீட்லயும் இல்ல. ராத்திரி கீழ உங்க தையல் மிஷின் சத்தம் நிக்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே கிடப்பேன்."

"அடிச்சுப்போட்ட மாதிரின்னு சொன்னியே?"

"பின்ன, நானும் உங்கள மாதிரிதான்னு சொல்லச் சொல்றீங்களா?"

பாவமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்ததே, அதை எந்தக் காட்டுக் காற்றும் எனக்குத் தரவில்லை.

என் மடியிலிருந்த துண்டில் ஒட்டியிருந்த சருகை அவள் கிள்ளி எடுத்தாள். "அடுத்த வாரம் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க." அந்தக் குரல் எனக்குத் தெரியும். இத்தனை மாதமாக அவள் தூக்கத்தை எண்ணி, மாடிப்படியைப் பார்த்து நான் பேசிய குரல்.

"வச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை, காலையில் மோட்டாரை நிறுத்தினேனா என்ற கவலைதான் வந்தது. ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததால், தாம்பரம் வரும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.