பாய்லருக்குப் பின்னால் ஒரு கதவு

பொதுக் குளியல் கூடத்தின் பெண்கள் பகுதியில் முதுகு தேய்ப்பதுதான் அவள் வேலை. புருஷன் இறந்த கையோடு, இருபத்தேழு வயதில் வந்து சேர்ந்தவள். வருகிறவர்களிடம் டோக்கன் வாங்குவாள், துணிமணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள், உள்ளே ஆவிக்கு நடுவே கல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நார் போட்டுத் தேய்த்துவிடுவாள். குழாய் இல்லாத வீடுகள் அத்தனைக்கும் அந்த ஒரு கூடம்தான். ஊரில் பாதிப் பெண்களை அவளுக்கு முகத்தால் தெரியாது, முதுகால்தான் தெரியும். “தெருவுல பார்த்தா அடையாளம் தெரியல, கொஞ்சம் திரும்பி நில்லுங்க” என்று சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் தையல்காரரின் மனைவி வருவாள். கணவர் வாசலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். முக்கால் மணி நேரம், அதற்கு மேல் ஆகக்கூடாது. அவள் முதுகில் வாரத்துக்கு ஒரு கன்றிய தடம் புதிதாக இருக்கும், தையல் அளவுகோலின் அகலத்தில். பழையவை மஞ்சள் பூத்திருக்கும். அந்த இடம் வந்தால் தேய்க்கிறவள் நாரை வைத்துவிட்டு வெறும் கையால் சோப்பு போடுவாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். உள்ளே பார்த்தது உள்ளேயே இருக்கவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஒருநாள் திரும்பாமலே அந்தப் பெண் கேட்டாள்.

“அக்கா, வெளியே போக வேற வழி இருக்கா?”

இருந்தது. பாய்லருக்குப் பின்னால் விறகு இறக்கும் கதவு. திறந்தால் அடுத்த தெரு. தெரிந்தவர்களை அந்த வழியாக உள்ளே விட்டதற்காகப் போன மாதம்தான் மேலாளர் ஒருத்தியை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள். நமக்கேன் வம்பு என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான்.

“ஒரே வாசல்தாம்மா.”

“சரிக்கா, சும்மாதான் கேட்டேன்.”

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் வாரம் தையல்காரர் மட்டும் ஆண்கள் பகுதிக்கு வந்தார். ஓடிப்போய் மறித்தாள்.

“அம்மா வரலையா?”

“அவ இப்பல்லாம் வீட்டுலயே குளிச்சுக்கிறா” என்றார். சிரித்த முகம்.

போய்ப் பார்க்கத் துணிவு வர ஒரு வாரம் ஆயிற்று. வீடு காலி.

“முந்தாநாள் சாமான் ஏத்திக்கிட்டுப் போனாரு” என்றாள் கீழ்வீட்டுக்காரி. “அந்தம்மாவை நாங்க பார்க்கல. முன்னாடியே போயிருக்கும்னு நெனச்சோம்.”

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. கூட்டமில்லாத பகல் நேரத்தில் ஆவி கொஞ்சம் விலகும். மூன்றாவது பெஞ்சில் ஒரு முதுகு காத்துக்கொண்டிருக்கும். நாரை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் வெறும் கல். தொட்டால் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல வெதுவெதுப்பு. “இருக்கும்மா, இன்னொரு வழி இருக்கு” என்று கல்லைப் பார்த்துச் சொல்வாள்.

பிறகு எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினாள். முதுகைக் காட்டி உட்காருகிற ஒவ்வொருத்தியின் காதிலும்: “பாய்லருக்குப் பின்னால கதவு இருக்கு. தாழ்ப்பாள் மேல இருக்கும், இழுத்தா வந்துடும்.” கல்யாணம் நிச்சயமான பெண்ணிடமும் சொன்னாள், எழுபது வயதுக் கிழவியிடமும் சொன்னாள்.

“இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கடி ஓடுறது?” என்று கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பின்வாசல் அக்கா என்று பெயரே விழுந்துவிட்டது. மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார்.

“வேலை போயிடும், பார்த்துக்கோ.”

“போகட்டும் சார்.”

சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்கு, அன்றைக்கு இந்த வாய் எங்கே போயிருந்தது என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

வேலை போகவில்லை. பதினோரு வருஷத்தில் மூன்று பேர் அந்த வழியாகப் போனார்கள். ஒருத்திக்குத் தன் செருப்பையே கழற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டு, இனி அந்த முதுகு இருக்காது என்ற நப்பாசையில் உள்ளே ஓடிவந்து மூன்றாவது பெஞ்சைப் பார்ப்பாள். இருக்கும். போனவர்கள் மூவரில் அவள் இல்லையே.

வயதாகி வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். ஒருநாள் குளியலறைக்குள் பேச்சுக்குரல் கேட்டு மகள் கதவைத் தட்டினாள்.

“யார்கிட்டம்மா பேசுற?”

“கொஞ்சம் பொறுடி. முதுகு தேய்ச்சு முடிச்சுட்டு வந்துடுறேன்.”