வெள்ளிக்கிழமை மீதி

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், நல்லூரில் மதிய உணவுப் பொதிகளை ஆக்கிக் கடைகளுக்கு அனுப்பும் சிறு நிறுவனமொன்றில் சேர்ந்தேன். மறுநாள் எத்தனை பொதிகள் வேண்டும் என்று முதல்நாளே எழுதிக் கொடுப்பது என் வேலை. மனைவி மறைந்துவிட்டாள், பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். வீட்டில் அடுப்பு எரிவது அரிது. விற்காமல் திரும்பிய பொதிகளை மாலையில் சமையற்கட்டின் பின்புறத்தில் பிரித்துப் பணிப்பெண்களோடு உண்பேன். வெள்ளிக்கிழமைகளில் மீதி மிகுதி, பேச்சும் மிகுதி.

"மாஸ்டர் ரெண்டாவது பார்சலையும் பிரிச்சிட்டார். வீட்டிலை உலை வைக்கிற எண்ணமே இல்லைப் போல!" என்று தலைமைச் சமையற்காரி சீண்டுவார். அந்த ஒரு மணி நேரத்தை எதிர்பார்த்தே பகலைக் கழித்தேன் என்பதை எவரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் உண்டதுபோக எஞ்சியது கொல்லையில் வெட்டிய குப்பைக் குழிக்குப் போயிற்று. ஒருநாள் முதலாளி என்னை அழைத்தார்.

"குழிக்குப் போறது சோறு மட்டுமில்லை, மாஸ்டர். வயலுக்கு இறைச்ச தண்ணி, எரிச்ச காஸ், விடிய எழும்பிச் சமைச்ச பிள்ளையளின்ரை பாடு, எல்லாந்தான் போகுது. அயலுக்கையும் மணக்குது எண்டு ஏசுகினம். வெள்ளியிலை ஏன் உவ்வளவு மிஞ்சுது? ஒருக்காப் பாருங்கோ."

திரும்பியவை பெரும்பாலும் குருநகர்க் கடைகளுக்குப் போனவை. வெள்ளியன்று மீன்சட்டி அடுப்பேறாது என்பது எங்கள் சமையற்கட்டின் வழக்கம். ஆகையால் குருநகருக்கும் அன்று மரக்கறிப் பொதிகளே போயின. அவ்வூரிலிருந்து வரும் கத்தோலிக்கப் பணிப்பெண்ணிடம் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை விரதம் உங்களுக்கு, மாஸ்டர். தவக்காலத்திலையும் எங்களுக்கு இறைச்சிதான் விலக்கு. மீன் இல்லாமல் சோறு இறங்காது. கடலுக்குப் போற சனத்துக்குக் கத்தரிக்காயைக் கட்டி அனுப்பினால் திரும்பித்தானே வரும்!"

மறுமொழி கிடைத்தும் இரண்டு வெள்ளிக்கிழமைகள் வாய் திறவாதிருந்தேன். மீதி தீர்ந்தால் அந்த மாலைகளும் தீரும் என்பதை அறிந்திருந்தேன். மூன்றாம் வெள்ளியன்று, கட்டவிழாத பொதிகளை அந்தப் பெண் கூடையோடு குழியில் கவிழ்ப்பதைக் கண்டேன். விடியலில் அவற்றைக் கட்டியவரும் அவரே. நேரே முதலாளியிடம் சென்று சொன்னேன்.

அடுத்த வெள்ளி முதல், முற்றத்துக் கொட்டிலில் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைத்துக் குருநகர்ப் பெண்ணே மீன் சமைத்தார். குருநகரிலிருந்து ஒரு பொதியும் திரும்பவில்லை. ஏனைய நாள்களின் எண்ணிக்கையையும் சீர்செய்தேன். சில வாரங்களில் மீதி அற்றது.

ஒரு வெள்ளி மாலை பின்புறம் சென்றபோது, கழுவிய சட்டிகள் கவிழ்ந்திருந்தன. தலைமைச் சமையற்காரி கைப்பையோடு நின்றார்.

"ஒண்டும் மிஞ்சேல்லை, மாஸ்டர். உங்கடை கணக்கு அவ்வளவு திறம்! இப்ப வெளிக்கிட்டால் ஐஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். வாறம்."

"ஓம், போயிட்டு வாங்கோ," என்றேன்.

மறுநாளைய தாளை எடுத்தேன். பத்துப் பொதிகள் கூட்டி எழுதினால் எவரும் வினவமாட்டார். பேனா சற்று நின்றது. உரிய எண்ணையே எழுதி, அதன்கீழ் எனக்கென மரக்கறிப் பொதி ஒன்றைத் தனியாகக் குறித்தேன்.

மறுநாள் மாலை அப்பொதி என் மேசைமேல் இருந்தது. பெண்கள் போய்விட்டிருந்தனர். வீட்டுக்குக் கொணர்ந்து பிரித்தேன். வழக்கம்போல் தாராளமாகவே கட்டியிருந்தார்கள். பேச்சில்லாமல் பாதிக்குமேல் உண்ண இயலவில்லை. எஞ்சியதை மூடி வைத்தேன்.