ஆடிக்காற்றின் மிச்சம்

வெம்பக்கோட்டை அணைக்குத் தெற்கே, காட்டுக்குள் தனித்து நின்றது ராக்கப்பனின் வீடு. மின்கம்பங்கள் ரோட்டோடு நின்றுவிட்டன. மனைவி பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினைத் தினமும் வைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மோட்டார் காயில் கட்டும் வேலை தெரிந்த ராக்கப்பன், இரும்புக் குழாயை நட்டுத் தானே ஒரு காற்றாடி செய்து ஏற்றினார். அதன் கரண்ட் இரண்டு லாரி பேட்டரிகளில் ஏறி, இன்வெர்ட்டர் வழியாக மெஷினுக்குப் போனது.

ஆடியில் காற்று அடிக்கிற அடியில் உச்சிப்பொழுதுக்கு முன்பே பேட்டரி நிறைந்துவிடும். மேலும் ஏற்றினால் ஆசிட் கொதித்துப் பேட்டரி வீணாகும். கரண்டை இழுக்க ஒன்றுமில்லாமல் விட்டாலோ, காற்றாடி வெறிபிடித்துச் சுற்றித் தன் இறக்கையையே பிய்த்துக்கொள்ளும். அதனால் மீட்டர் முள் ஏறியதும் சுவிட்சைத் திருப்பி, மிஞ்சியதை டிரம் தண்ணீருக்குள் கிடந்த ஹீட்டருக்கு அனுப்புவார்.

"அம்புட்டையும் தண்ணியில விடுதீகளே, கார்த்திகைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கக் கூடாதா?" என்று இரைப்புக்கிடையே சிரிப்பாள் பேச்சி.

"வைக்க இடமிருந்தா வைக்க மாட்டனா?"

கார்த்திகையில் காற்று படுத்துவிட்டது. ராக்கப்பன் பல்பைக் கழற்றினார், ரேடியோவைத் தொடவில்லை. இருந்ததெல்லாம் மெஷினுக்கு. ஒருநாள் காலை, அவள் மருந்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"பேட்டரிய ஏத்திட்டு வாங்க. மெஷின வச்சா இரைப்பு அடங்கிரும்."

பக்கத்துக் காட்டுப் பஞ்சம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு, ஒரு பேட்டரியை சைக்கிளில் கட்டிச் சிவகாசிக்கு மிதித்தார். அந்த வருசம் ஊரெங்கும் மின்வெட்டு. "கரண்ட் வரட்டும்ணே, உக்காருங்க" என்றார் பேட்டரிக் கடைக்காரர். வந்த கரண்ட் கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது. ஏறிய மட்டும் போதுமென்று கட்டிக்கொண்டு திரும்பினார்.

வாசலில் நின்ற பஞ்சம்மாள் அவரைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "போயிருச்சுண்ணே."

ராக்கப்பன் காதில் விழாதவர்போலப் பேட்டரியை இறக்கினார். ஒயரை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, பேச்சியின் மூக்கில் முகமூடியை வைத்துப் பிடித்தார். பஞ்சம்மாள் கையைப் பற்றி விலக்கும்வரை பிடித்தபடியே இருந்தார்.

அடுத்த ஆடியில் மகள் எழில் காரியாபட்டியிலிருந்து வந்தாள்.

"இங்கன ஒத்தையில எதுக்குய்யா? எங்கூட வந்துருங்க."

"காத்தாடிய யாரு பாத்துக்கிடுவா?"

"எறக்கிருவோம்."

ஆட்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். குழாய் பாதி சாய்ந்தபோது, "நிப்பாட்டுங்கலே!" என்று கத்திக் கயிற்றை இழுத்துப் பிடித்தார் ராக்கப்பன். பிறகு அவரே பிடியைத் தளர்த்தினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காற்று முகத்தில் அறைந்தது. ஷட்டரை இறக்கிவிட்டவர் காரியாபட்டி வரும்வரை அதைத் திறக்கவில்லை.