எங்கள் இருவர் ரத்தத்திலும்

என் மகளுக்கு எட்டு வயதில் பக்கவாதம் வந்தது. இதைச் சொன்னால் இன்றும் யாரும் சட்டென்று நம்புவதில்லை. "சின்னப் பிள்ளைக்கு ஸ்ட்ரோக்கா?" என்பார்கள். அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நாங்கள் மலேசியாவில், ஜொகூரின் லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் இருக்கிறோம். எனக்குக் குளுவாங்கில் தொழிற்சாலை வேலை. அந்த வாரம் மூன்று நாள் மகளுக்குக் காய்ச்சல்; தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

பசியாறும் நேரத்தில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில், மீ கோரிங் நூடுல்ஸ் தட்டு அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. காய்ச்சல் அசதி என்று நினைத்த ஆசிரியை, மேசையில் தலைசாய்த்துப் படுக்கச் சொன்னார். சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்கா விடவில்லை. அவள் முன்னால் குனிந்து, "எங்கம்மா, அக்காவப் பாத்துச் சிரி" என்றாராம். உதட்டின் ஒரு பக்கம்தான் அசைந்தது.

"டீச்சர், இது அசதி இல்ல லா. வாய் கோணுது பாருங்க. அம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிக்க வேணாம், என் காடியிலயே போலாம்."

அடுப்பை அணைத்துவிட்டு, ஆசிரியையையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினார். நான் போய்ச் சேர்ந்தபோது மகளை ஏற்கெனவே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மதியமே ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

அங்கே ஒரு மலாய் டாக்டர் என்னை உட்கார வைத்து, குடும்பத்தில் யாருக்காவது கால் வீங்கி ரத்தம் கட்டியதுண்டா என்று கேட்டார். மகளைப் பெற்ற இரண்டாவது வாரம் என் இடது கால் தூண் மாதிரி வீங்கியதைச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்கு நீர் கோத்திருக்கும் என்று தைலம் தேய்த்தார்கள், மாதக்கணக்கில் வலித்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்.

பல வாரம் கழித்து, என் ரத்தத்தையும் மகளுடையதையும் இரண்டு முறை சோதித்த பிறகே உறுதியாகச் சொன்னார்கள். ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கிற ஒரு புரதம் எங்கள் இருவருக்கும் பிறவியிலேயே குறைவு. அந்தக் குறைவு இருக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. காய்ச்சலும் நீர் வற்றியதும் சேர்ந்துகொண்டிருக்கலாம் என்றார் டாக்டர். எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: என்னிடமிருந்து போயிருக்கிறது.

வெளியே வந்து அழுதேன். கணவர் பின்னாலேயே வந்தார். "என்கிட்டருந்து வந்திருந்தா என்னைய ஏசியிருப்பியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்புறம் என்ன? வா, புள்ள தேடும்."

வீடு திரும்பியதும் சிற்றுண்டிச்சாலை அக்காவைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தவளைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

"என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஒரு நாள் காலைல வாய் கோணுச்சு. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்னு படுக்க வச்சேன். அவர் எந்திரிக்கவே இல்ல. அந்த மூஞ்சி எனக்கு மறக்குமா, தங்கச்சி?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய அந்தக் காலை நேரத்தால்தான் என் பிள்ளை பிழைத்தாள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

மகளுக்குப் பதினொரு வயதாகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. வலது கையாலேயே எழுதுகிறாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுகிறது, நீண்ட கட்டுரை என்றால் கை சோர்கிறது. விளையாட்டில் முட்டிமோதக் கூடாது என்பதில்தான் அவளுக்கு வருத்தம். அதனால் பூப்பந்து ஆடுகிறாள், தோற்றால் கோபப்படுகிறாள்.

சாஆ என்ற ஊரில் இருக்கும் என் தங்கை இரண்டு கருவை இழந்தவள். எங்கள் முடிவு தெரிந்ததும் அவளையும் சோதிக்கச் சொன்னார்கள். அவளுக்கும் அதே குறைவு. அடுத்த முறை கர்ப்பம் தரித்தபோது ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். போன மாதம் பெண் குழந்தை பிறந்தது.

அந்தக் குழந்தைக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வளர்ந்ததும் சோதிப்பார்கள். நான் கலங்கவில்லை. இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.