முதல் ஊசி, பிறகு குளிசை

முதலிலை தேள்தான் கொட்டிப் போட்டுதெண்டு நினைச்சனான். வலப்பக்க விலாவிலை சுள்ளெண்டு ஒரு எரிச்சல். போட்டிருந்த சேட்டைக் கழற்றி உதறினால் ஒண்டுமில்லை. உள்துறைமுகக் கரையிலை எனக்கொரு பட்டறை இருக்கு, மீன்பிடிப் படகுகளின்ரை எஞ்சின் திருத்துறது. அண்டைக்கு ஒரு எஞ்சினைப் பாதியிலை கழற்றிப் போட்டபடியே வீட்டை வந்திட்டன். ரெண்டு நாளிலை நெஞ்சிலை இருந்து முதுகு மட்டும் கொத்துக் கொத்தாக் கொப்புளம்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியாலை எட்டிப் பார்த்தாள். "ஐயோ அண்ணை, இது அக்கியெல்லோ! பாம்பு மாதிரி இடுப்பைச் சுத்தி வந்து தலையும் வாலும் முட்டினா ஆள் தப்பாது."

நல்ல ஆறுதல்தான் சொன்னாள், போ! நான் உதுகளை நம்புற ஆளில்லை. எண்டாலும் விடியக்காலமை கையைத் தூக்கிக்கொண்டு என்ரை மனுசிக்கு முன்னாலை போய் நிப்பன். "முள்ளந்தண்டைத் தாண்டிட்டுதோ? வடிவாப் பாரும்."

"தாண்டேல்லை. சத்தம் போடாதேங்கோ."

சத்தம் போடாமல் என்னெண்டு இருக்கிறது? போர்த்த சறத்தின்ரை விளிம்பு பட்டால் நெருப்பு. ஃபான் காத்துப் பட்டாலும் நெருப்பு. கதவை ஆராவது சாத்தினால் "மெல்லச் சாத்த ஏலாதே" எண்டு கத்துவன். மனுசிதான் பழஞ்சீலையைத் தண்ணியிலை நனைச்சுப் பிழிஞ்சு, கொப்புளம் உடையாமல் ஒத்தி ஒத்தி எடுக்கிறது. அவவுக்கும் கை சுகமில்லை. மூண்டு வருசமா வாதம், விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும். சீலையை முழங்கையாலை அமத்தித்தான் பிழிவா.

ஆசுப்பத்திரியிலை விழுங்கக் குளிசை தந்தவை. தலையும் வாலும் கதையைக் கேட்டு டொக்டர் சிரிச்சார். அது ஒரு பக்க நரம்போடை நிக்கிற சாமானாம். சின்னனிலை வந்த கொப்புளிப்பான் அம்மைதான் நரம்புக்குள்ளை ஒளிச்சுக் கிடந்து, வயது போக எழும்பி வருமாம். சில பேருக்குக் கண்ணிலையும் வருமாம். கொப்புளம் காய்ஞ்சு பொருக்கு விழுந்தும் நோ போகேல்லை. இப்பவும் நான் சேட்டுப் போடுறது கிளினிக்குக்குப் போகத்தான்.

அப்பிடி ஒரு நாள் மனுசியின்ரை வாத கிளினிக்குக்குப் போனனாங்கள். அங்கை ஒரு இளம் டொக்டர் பிள்ளை, வலு தன்மையான பிள்ளை.

"அம்மா, உங்களுக்கு இனிப் புதுக் குளிசை தொடங்கவேணும். வீக்கம் நல்லா வத்தும். ஆனா உடம்பின்ரை எதிர்ப்புச் சக்தியும் குறையும், அக்கி வர இடமிருக்கு. முதலிலை அக்கி வராமல் இருக்க ஊசி போட்டு, சில கிழமை பொறுத்துக் குளிசையைத் தொடங்கினால் நல்லது. ஊசி கொழும்பிலை இருந்துதான் எடுப்பிக்க வேணும். யோசிச்சு அடுத்த கிழமை சொல்லுங்கோ."

இதிலை யோசிக்க என்ன கிடக்கு? நான் தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டன். ஓட்டோவிலை ஏறினவுடனை மனுசி சொல்லுறா, "எனக்கு ஊசி வேண்டாம். குளிசையை இப்பவே தரச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? நான் பட்ட பாட்டைப் பார்த்தனீர்தானே?"

"பார்த்தனான்."

அந்தக் கிழமை முழுக்க வீட்டிலை சண்டைதான். குசினிக்குள்ளை அடுப்படியிலை நிண்டு கத்தினன், விறாந்தையிலை இருந்து கத்தினன். கண்ணிலை வந்தால் என்ன செய்வீர் எண்டு பயப்படுத்தினன். உண்மையிலை பயந்தது நான்தான். அந்த நெருப்பு இந்த மனுசியின்ரை மெலிஞ்ச உடம்பிலை ஏறுறதை நினைக்க எனக்கு நித்திரை வராது.

ஒரு நாள் சீனிப்போத்தல் மூடியைத் திறக்க ஏலாமல் கொண்டந்து என்ரை முன்னாலை டொக்கெண்டு வைச்சா.

"சில கிழமை எண்டு லேசாச் சொல்லுறியள். விடிய எழும்பி இந்த விரலை ஒருக்கா மடக்கிப் பாருங்கோவன்! உங்களுக்கு நொந்தது இந்த ஒழுங்கைச் சனத்துக்கே தெரியும். எனக்கு மூண்டு வருசமா நோகுது. நான் கத்தேல்லை, அவ்வளவுதான்."

மூடியைத் திறந்து குடுத்திட்டுப் பட்டறைக்குப் போனன். அதுக்குப் பிறகு ஊசிக் கதையை நான் எடுக்கேல்லை. அவவும் எடுக்கேல்லை. என்ன முடிவெண்டு தெரியாமலே கிளினிக் நாளும் வந்திட்டுது.

கிளினிக் வாசல் வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்தம். அவவின்ரை முகத்தைப் பார்த்து ஒண்டும் பிடிபடேல்லை. குளிசைதான் கேக்கப் போறா எண்டு நினைச்சன். எங்களைக் கூப்பிட்டினம்.

"என்ன அம்மா, யோசிச்சியளே?"

"ஓம் பிள்ளை. ஊசியை எடுப்பியுங்கோ. குளிசை பிறகு பார்ப்பம்."

அப்பாடா! எனக்கு வாய் சும்மா கிடக்கேல்லை. "பார்த்தீங்களே டொக்டர், கடைசியிலை நான் சொன்னதுதான்!"

மனுசி என்ரை பக்கம் திரும்பினா. கோவமாக் கூடச் சொல்லேல்லை.

"நீங்கள் சொன்னதுக்கில்லை. உங்களுக்கு வந்தது, நான் பார்த்தனான். எனக்கு வந்தா ஆர் பார்க்கிறது?"

"ஏன், நான் இல்லையே?" எண்டன்.

அவ சிரிச்சா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பன்.