கூப்பிட்டால் திரும்பாத குழந்தை

மூன்று வருடத்துக்கு முன், சம்பா நடவு நேரத்தில் நடந்தது இது. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடி டீச்சர். நடவுக்கு ஆள் கிடைக்காமல் மேற்கு வங்கத்திலிருந்து சிலரை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு தம்பதி, தங்கள் நாலு வயது மகளை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆதாரைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பவே இல்லை. காது கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று கை தட்டினேன். உடனே திரும்பினாள். மூன்று நாளும் இதே கதைதான். சாயங்காலம் அம்மாக்காரி சேற்றுக் காலோடு வந்து வேறு ஏதோ பெயரைச் சொன்னதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. முகச்சாயல்கூட ஒத்துப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் பாஷை தெரிந்த மேஸ்திரி பக்கத்து வயலில்தான் இருந்தார். அவரிடம்கூடக் கேட்காமல் போலீசுக்குப் போன் செய்தேன்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் வயலிலிருந்தே அங்கன்வாடிக்குக் கூட்டிவந்தார்கள். விசாரிப்பதற்காகக் குழந்தையைத் தனியே நிறுத்தியதும் அது வீரிட்டு அழுதது. அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எல்லாம் சரியாக இருந்தன.

கூடவே வந்த மேஸ்திரிதான் விளக்கினார். "அவங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு பேரு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேருங்க டீச்சர். பள்ளிக்கூடத்துப் பேரு அந்தப் புள்ளைக்கே இன்னும் பழகல. உங்ககிட்ட வந்தா பழகிக்கும்னுதான் அனுப்புனாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் மகனை வீட்டில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவோம். எல்.கே.ஜி.யில் முதல் வாரம் அட்டெண்டன்ஸில் பெயர் சொன்னபோது அவனும்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை.

அதன்பிறகு அவர்கள் குழந்தையை அனுப்பவில்லை. நடவு முடியும்வரை அது வரப்பில் ஒரு குடை நிழலில் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் நான் அதன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது, என்னைக் கண்டதும் அம்மாவிடம் ஓடிவிட்டது.

இப்போது புதிதாக யார் வந்தாலும், "வீட்ல என்னன்னு கூப்புடுவீங்க?" என்று கேட்டுப் பதிவேட்டில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். அன்றைக்கும் நான் கேட்டிருக்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான்.