கொட்டாரத்து டேபிள் ஃபேன்

என் அறையிலிருந்த ஏசி போன வாரம் மூச்சை நிறுத்திவிட்டது. துபாயிலிருக்கும் மகன் அங்கிருந்தபடியே புதிது ஒன்று வாங்கி அனுப்பிவிட்டான். மாட்ட வந்த மெக்கானிக்குக்கு முப்பது வயதிருக்கும். அவர் செப்புக்குழாயில் வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காத மேற்பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் சுருள் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து மூக்கில் வைத்து மோந்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதுல மணமொண்ணும் கெடையாது சார்."

கிடையாதுதான். எங்கள் காலத்து டேப்புக்கு மணம் உண்டு. கறுப்புத் துணி டேப். தாரும் ரப்பரும் சேர்ந்த மணம். விரலில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது, சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் போய்விடும். அந்த மணத்தை நினைத்தாலே எனக்கு உள்ளித்தீயல் குழம்பு ஞாபகம் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாஞ்சில் நாடு அப்போதும் மலையாளத்துக்காரர்களோடுதான் இருந்தது. கோட்டாறில் ஒரு எலக்ட்ரிக் கடையில் நான் வயர்மேன். அப்பாவும் அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். அக்காவைக் கொல்லத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. எனக்குக் கொப்பரை மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேலே ஒரு அறை. தேங்காய் எண்ணெய் வாடையும் நானும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி "செரி, போ" என்று சொன்னால், அடுத்து ஒரு மனிதக் குரல் என்னைப் பார்த்துப் பேசுவது திங்கட்கிழமை காலையில்தான். நடுவில் ஓட்டலில் "சோறு போருமா?" என்று கேட்பார்கள். அதையும் நான் பேச்சில் சேர்த்துக்கொள்வேன். அவ்வளவு வறட்சி.

கொட்டாரத்தில் சர்வேயர் அண்ணாச்சி என்று ஒருவர். ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடந்தார். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிட்டேன். நம் பக்கத்தில் அண்ணன் மனைவி மைனிதானே. அந்த மைனியின் தம்பி கொழும்பிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொடுத்துவிட்டிருந்தார். பச்சை உடம்பு, பித்தளை இறக்கை, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். வியர்வையில் ஊறி முதுகு புண்ணாகிவிடக் கூடாது, காற்றுப் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, அந்த ஃபேன்தான் அண்ணாச்சியின் முதுகுக்குக் காவல்.

அது அடிக்கடி நின்றது. தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, கழுத்துக்குள் போகும் வயர் ஒடிந்துவிடும். வைத்தியம் எளிது. பழைய வயரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தளர விட்டுப் புது வயர் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும். முதல் தடவை போனபோது அந்த வயர் என்னிடம் இல்லை. ஒடிந்த இடத்தை முறுக்கி டேப்பைச் சுற்றி ஓடவிட்டேன். கிளம்பும்போது மைனி விடவில்லை.

"இரி மக்கா. கைய கழுவிட்டு வா. சோறு தின்னுட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனா போரும், கேட்டியா."

சம்பா அரிசிச் சோறு, உள்ளித்தீயல், பப்படம். அண்ணாச்சி கட்டிலில் கிடந்தபடியே, எந்த ஊரு, யாரு மகன், ராத்திரிக்கு எங்கன சாப்பிடுக என்று நிலம் அளப்பதுபோல மூலைமூலையாகக் கேட்டார். அன்றைக்கு நான் பேசியது ஒரு மாதத்துக்குக் காணும்.

இரண்டாம் தடவை போனபோது வயர் பையில் இருந்தது. கையை விட்டேன், விரலில் பட்டது. எடுத்ததோ டேப்பை.

காசுக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவாக இருந்தால் இத்தனை காலம் உறுத்தாது.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கன்னியாகுமரி பஸ் கண்டக்டர் கடை முன்னால் தலையை நீட்டி, "ஏலே, கொட்டாரத்துல ஃபேன் நின்னுட்டு" என்பார். ஃபேன் சரிசெய்யப் போகிறவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். ஒரு தடவை மனசாட்சிக்குப் பயந்து ஒரு யோசனை சொன்னேன்.

"அண்ணாச்சி, சுத்த விடாம உங்க பக்கமே வச்சா வயர் ஒடியாது."

"அப்பம் இவளுக்கு? அவளும் அடுப்புல வெந்துட்டுதான வாரா. எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி."

நான் சாப்பிட உட்கார்ந்தால், "ஃபேன் ஸ்டூல கொஞ்சம் தள்ளி வை, காத்து மூணு பங்கா வரட்டும்" என்பார். மைனி தள்ளி வைப்பார். காற்று அண்ணாச்சிக்குப் போய், மைனிக்குப் போய், கடைசியில் என்னிடம் வரும். அதற்காகவே மெதுவாகச் சாப்பிடுவேன்.

அடுத்த சித்திரையில் முதலாளி என்னைக் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து பங்களாவுக்கு வயரிங் செய்ய அனுப்பினார். பத்து நாள் வேலை. திரும்பி வந்ததும் சொன்னார்.

"கொட்டாரத்துலேருந்து மூணு தடவ ஆளு வந்துட்டு. வேற ஆள அனுப்பட்டானு கேட்டேன். வேண்டாம், அவனே வரட்டும்னுட்டாவ."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணாச்சி வாழையிலையில் ஒருக்களித்துக் கிடந்தார். முதுகு முழுக்க வேர்க்குரு, ஓரிடத்தில் தோல் கழன்று சிவந்திருந்தது. மைனி இடது கையால் பனையோலை விசிறியை வீசிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. எட்டு நாளாக வீசியதில் வீங்கிவிட்டது.

"வேற ஆள கூப்பிட்டிருக்கலாமே மைனி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மைனி அண்ணாச்சியைப் பார்த்தார். அவர்தான் சொன்னார்.

"வேற ஆள வச்சுப் பாத்தோம்னா ஒனக்குச் சங்கடமா இருக்கும்லா மக்கா."

வயரை எடுத்தேன். ஒரு வருஷமாகப் பையில் கிடந்த அதே வயர். மாட்டி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஃபேன் ஓடியது. செய்த காரியத்தைச் சொல்லிவிட நினைத்து, பையைத்தான் கட்டினேன். சோறு வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. வெயிலில் நின்றேன்.

அதற்குப் பிறகு ஃபேன் நிற்கவில்லை. கண்டக்டரிடம் நானே கேட்பேன், "கொட்டாரத்துல ஒண்ணும் சொல்லலியா?" அவர் உதட்டைப் பிதுக்குவார். மாதங்கள் போயின, வருஷமும் போனது. சும்மா ஒரு வீட்டுக்குப் போகலாம் என்று எனக்குத் தெரியவில்லை. பை இல்லாமல் எப்படிப் போவது, போய் என்ன சொல்வது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்துக்கொண்டு படுத்துக் கிடப்பேன். இவ்வளவு மடையனும் உண்டா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம், கோட்டாறு மருந்துக்கடை வாசலில் மைனியைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது.

"ஃபேன் நல்லா ஓடுது மக்கா. அது கெட்டாத்தான் வருவியா?"

மருந்துப் பொட்டலத்தை மைனி மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஸ்டூல் நீ வரும்ப வச்ச எடத்துலதான் இருக்கு. அண்ணாச்சி மாத்த விடமாட்டேங்காரு."

"ஞாயித்துக்கெழம வாரேன் மைனி" என்றேன். நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை மதுரையில் மின்சார இலாகா வேலைக்கு உத்தரவு வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி இறந்த செய்தியே ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது.

மெக்கானிக் வேலையை முடித்து ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

"இனி அஞ்சு வருஷத்துக்கு யாரும் வந்து பாக்கவே வேண்டாம் சார்" என்றார், பெருமையாக. கையைக் கழுவிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். இன்னும் நாலு வீடு பாக்கி என்று கிளம்பிவிட்டார்.

கறுப்பு டேப் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. மைனி இல்லை. கொட்டாரத்தில் அந்த வீடு இருந்த இடத்தில் மண்டபம் எழும்பிவிட்டது. என் அறையில் புது ஏசி சத்தமில்லாமல் இடமும் வலமும் காற்றைத் திருப்புகிறது. கட்டிலுக்கு வருகிறது, மெக்கானிக் உட்காராத நாற்காலிக்குப் போகிறது. என் பக்கமே நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறதாம். நான் அதைத் தொடவில்லை.